இன்னும் கொஞ்சம் டைட்டு

"ரேம் செத்துப்போச்சுக்கா. இதோ நிக்கிறாளே, இந்த மகாராணி செலக்ட் பண்ண ரேம்."

எஸ்தர் அக்கா ரூமுக்குள்ள வந்ததும் நான் சொன்ன மொத வார்த்தை இதுதான்.

என் ரூம்மேட் ரஷீதா திரும்பிக்கூட பாக்கல. பையில துணிய அடுக்கிட்டு இருந்தா. வார்டன்கிட்ட வேற ரூம் கேட்டு வாங்கிட்டா.

நானும் அவளும் சேந்து ஆசையா பூட்டுன கம்ப்யூட்டர். காலையில ஆன் ஆகும், மத்தியானம் ஆகாது. ஃபேன் சுத்தும், லைட்டு மினுக்கும், ஸ்க்ரீன் மட்டும் கருப்பா கெடக்கும். அந்தக் கடுப்புல அவள வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்.

எஸ்தர் அக்கா எங்க சீனியர். ஹாஸ்டல்ல எந்த மெஷின் படுத்தாலும் அவங்கதான் வரணும். பத்து கேள்வி கேட்டா ஒண்ணுக்குத்தான் பதில் வரும். சாமியார்னு பட்டப்பேரு வச்சதே நான்தான்.

சாமியார் ரேமக் கழட்டுனாங்க. அவங்க ரூமுக்குக் கொண்டுபோய், அவங்க மெஷின்ல மாட்டுனாங்க. ஆன் ஆச்சு.

"நல்லா இருக்கு" அப்டின்னாங்க.

"இங்க நல்லா இருக்கும்க்கா. அங்க வந்தாதான் அதுக்குத் திமிரு."

திரும்ப எங்க ரூமுக்கு வந்தோம். ரஷீதா தலகாணி உறைய மடிச்சிட்டு இருந்தா.

"ஆன் ஆகலன்னா நீ என்ன பண்ணுவ?" அக்கா என்னக் கேட்டாங்க.

"என்ன பண்ணுவேன், எங்கயாவது லூஸா இருக்கும்னு எல்லா ஸ்க்ரூவையும் இன்னும் கொஞ்சம் டைட் வைப்பேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? சும்மா உக்காந்து பாட்டா பாடுவாங்க?"

அக்கா என் மேஜைலருந்து ஸ்டீல் ஸ்கேல எடுத்தாங்க. மதர்போர்டு ஓரத்துல நிமித்தி வச்சாங்க. "குனிஞ்சு பாரு."

குனிஞ்சேன். ஸ்கேலுக்கும் போர்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. ப்ராசசர் மேல உக்காந்திருக்கிற கூலர் ஃபேனச் சுத்தி, போர்டு வளைஞ்சு கெடந்துச்சு.

"கம்பெனிக்காரன் கோணலா செஞ்சிருப்பான்."

"நீ முறுக்குனதுல வளைஞ்சு, ரேம் சரியா ஒட்டல. ப்ளக்கப் புடுங்கு. கூலர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணு."

"லூஸா? கூலர் கழண்டு விழுந்திரும்க்கா!"

அக்கா ஸ்க்ரூடிரைவர என் கையில குடுத்துட்டு நகந்து நின்னாங்க.

திருப்புனேன். அசையல. நான் வச்ச டைட்டு எனக்கே அசையல. பல்லக் கடிச்சு இன்னொரு தடவ. 'கிரிக்'குன்னுச்சு. நாலு மூலையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன்.

ரேமப் போட்டு ஆன் பண்ணுனேன்.

வந்துச்சு.

ஆஃப் பண்ணி, மறுபடி. வந்துச்சு. மறுபடி. வந்துச்சு.

"ஏய், ஓடுதுடி!" திரும்பிப் பாத்தேன்.

ரஷீதா பைய தோள்ல மாட்டியிருந்தா.

"என் ரேம் நல்லாருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" அப்டின்னா. குரல்ல கோவமே இல்ல. அதான் பயமா இருந்துச்சு.

"சரி, நல்லாதான் இருக்கு. போதுமா? பையக் கழட்டு."

அவ கதவப் பாத்து நடந்தா. எட்டி அவ மணிக்கட்டப் புடிச்சேன்.

"எங்க போற? அதான் சரியாயிடுச்சுல்ல?"

"கைய விடு."

"மாட்டேன்."

"வலிக்குதுடி."

"விட்டா நீ போயிடுவ!"

என் குரல் உடைஞ்சுது. கருமம், அந்த நேரம் பாத்து.

அக்காவப் பாத்தேன். "நீங்களாவது சொல்லுங்கக்கா. விட்டா போயிடுவா."

அக்கா மெஷின் மூடிய எடுத்து மாட்டிட்டு இருந்தாங்க. தல நிமிரவே இல்ல.

"விட்டுப் பாரு."

விட்டேன்.

அவ கையில என் விரல் பதிஞ்சு செவந்திருந்துச்சு. ரஷீதா அதத் தடவிக்கிட்டே கட்டில்ல உக்காந்தா.