சத்தம் வராத பட்டம்

இது நான் நேரில் பார்த்ததல்ல. பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த ஓர் ஓதுவார் சொன்னது. அவரும் வேறொருவர் சொல்லக் கேட்டவர்தான். நடுவில் ஏதாவது மாறியிருக்கலாம்.

காவிரிக் கரையில் ஒரு கோயில். அதை ஒட்டி ஒரு தேவாரப் பாடசாலை. அங்கே ஆசிரியர் அம்பலவாணர். அவரிடம் படித்து, அந்தக் கோயிலிலேயே ஓதுவாராக இருந்தவர் மாசிலாமணி. மாசிலாமணியின் மகள் உமையாளுக்கு ஒன்பது வயது. அவளும் அங்கேதான் படித்தாள். ஒரு பதிகத்தை ஒருமுறை கேட்டால் போதும், திருப்பிப் பாடிவிடுவாள்.

பாடசாலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாடுகிற பிள்ளைகள் தெருவில் விளையாடக் கூடாது. கத்தினால் தொண்டை போய்விடும். வெயிலும் புழுதியும் ஆகாது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும், மடியில் புத்தகத்தோடு.

ஒருநாள் மாலை மாசிலாமணி கண் ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு நேரே ஆசிரியரிடம் வந்தார்.

"தூரத்துப் பார்வை ரொம்பக் குறைஞ்சிருக்காம் ஐயா. கண்ணாடிப் பவர் இன்னும் ஏறுமாம். இப்படியே ஏறினா பின்னாடி விழித்திரை கிழியக்கூட வாய்ப்பிருக்குன்னு டாக்டர் சொல்றார்."

"போன வருஷம் இங்கேயே கண் முகாம் போட்டாங்களே?"

"அப்போ எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சாளே ஐயா. எனக்குக்கூடப் பெருமையா இருந்தது."

"எனக்கு முன்னாடி நின்னவங்க எல்லாரும் அதையேதான் படிச்சாங்க ஐயா" என்றாள் உமையாள். "கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிடுச்சு. இப்பவும் சொல்லட்டுமா?"



மாசிலாமணி ஆசிரியர் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுல யாருக்கும் கண்ணாடி கிடையாது. டிவி இல்ல. செல்போனைத் தொடவே விட்டதில்ல. பின்ன ஏன் ஐயா இவளுக்கு?"

அம்பலவாணர் எழுந்து உமையாளை வாசலுக்கு அழைத்துப் போனார். மாசிலாமணியும் பின்னால் வந்தார்.

"கோபுரத்துல என்னென்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "மேல ஏழு கலசம். கீழ ரிஷபத்துல சாமியும் அம்பாளும். ரெண்டு பக்கமும் துவாரபாலகர்."

"இப்போ கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு."

அதே வரிசையில் சொன்னாள். ஒன்றும் விடவில்லை.

"சரி, கண்ணைத் திற. கலசத்துக்கு மேல பறக்குதே, அது என்ன?"

தெருப் பிள்ளைகள் விட்ட சிவப்புப் பட்டம் அது. உமையாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"சத்தமே வரலையே ஐயா."

அவள் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எல்லாருக்குமா?"

மாசிலாமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "குரல் கெட்டுடக் கூடாதுன்னுதானே ஐயா வெளி வெளிச்சமே படாம உள்ளேயே வெச்சிருந்தேன்."

"விடாதேன்னு சொன்னவனே நான்தானே" என்றார் அம்பலவாணர்.

உமையாளின் தோளைத் தொட்டார்.

"போம்மா. அந்தப் பிள்ளைங்ககூடப் போய் விளையாடு."

"கத்தலாமா ஐயா?"

"கத்து."

அவள் முதலில் நடந்தாள். பிறகு கூச்சல் வந்த திசையில் ஓடினாள்.

"தொண்டை கட்டிடுமே ஐயா" என்றார் மாசிலாமணி, பழக்கத்தில்.

"தொண்டைக்குக் கஷாயம் இருக்கு, மாசிலாமணி."

பின்னர் ஒரு கண் மருத்துவரிடம் விசாரித்தேன். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்பது உண்மைதானாம். வந்துவிட்ட பிறகு அது எவ்வளவு உதவும் என்பது அவ்வளவு உறுதியில்லை என்றார். கிட்டப்பார்வையில் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுகிறது; நீண்டுவிட்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை.