கொற்றிக்கு எத்தனை முழம்?

சீடருக்கு வயது நாற்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநான்கு. குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அந்த மூன்றாம் மாடிக்கு ஏறிவந்திருந்தால் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

குருவின் பெயர் தமயந்தி. வீடியோ கேமில் வரும் உருவங்களுக்கு எலும்பு வைப்பது அவருடைய வேலை. மற்றவர்கள் செய்துதரும் உருவம் வெறும் பொம்மையாகத்தான் வரும். அதற்குள் தோள், முட்டி, முதுகுத்தண்டு என்று ஒவ்வொன்றாக வைத்து நடக்கவும் ஓடவும் விழவும் பழக்குவது தமயந்திதான். பேச்சு குறைவு. கேட்டால் பதில் வரும். சில நாள் அதுவும் வராது.

சீடர் சென்னியப்பன். பதினாறு வருடம் நகைக்கடைகளுக்குக் கணினியில் ஆரமும் அட்டிகையும் வடிவமைத்தவர். உயிரில்லாத பொருளையே செய்துகொண்டிருக்கிறோமே, ஒரு மனுஷனைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாற்பது வயதுக்குமேல் வரும் ஆசை லேசில் விடாது. இருந்த வேலையை விட்டுவிட்டு இந்த வீடியோ கேம் கம்பெனிக்கு வந்தார். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று முதலாளி அனுப்பிவைத்தார்.

தன்னைவிட எட்டு வயது சின்னவளிடம் பாடமா என்று முதல் நாள் கேலியாகத்தான் "டீச்சர்" என்றார். இரண்டாவது வாரத்தில் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது. தமயந்தி அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்.

சென்னியப்பன் செய்த முதல் மனுஷி கொற்றி.

பறக்கும் யாளிகளிடமிருந்து ஐந்து வீரர்கள் ஒரு மலைநாட்டைக் காப்பாற்றுகிற விளையாட்டு அது. நான்கு பேர் ஆண்கள். ஐந்தாவது கொற்றி, வில்லுக்காரி. வெளிநாட்டு விளையாட்டுகளில் சண்டைக்காரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று சென்னியப்பன் பத்துப் பதினைந்தைப் புரட்டிப் பார்த்தார். ஊரோடு ஒத்துவாழ் என்று அப்படியே செய்தார். மார்பில் இரண்டு கை அகலத்துக்கு வெண்கலத் தகடு. இடுப்பில் மணி கோத்த சங்கிலி. மிச்சமெல்லாம் மலைக்காற்று.

அன்று பிடித்தது சனி.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். உருவம் தயாரானால் எல்லோருக்கும் அனுப்புவார்கள். யார் வேண்டுமானாலும் கீழே கருத்து எழுதலாம். கதை எழுதும் நஸ்ரின், இவள் சண்டைக்குப் போகிறாளா, சாய்ந்து நிற்கப் போகிறாளா என்று எழுதினார். விற்பனையைப் பார்க்கும் பிரபாகர், யாளி பறப்பதை யாரும் கேட்கவில்லை, தகட்டுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறீர்களே என்றார். கோயில் சிலைகள் எப்படி இருக்கின்றன என்று ஒருவர் இழுத்தார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் விளையாடுவார்கள் என்று இன்னொருவர் எழுதினார். ஆண் வீரன்கூடத்தான் சட்டை போடவில்லை என்று பிரபாகர் திருப்பினார்.

"அவன் சட்டையில்லாம நின்னா அவன் பலம் தெரியுது. இவ நிக்கிறது யாருக்குத் தெரியறதுக்கு?" என்று நஸ்ரின் நேரிலேயே வந்து கேட்டார். பிரபாகர் போன மாத விற்பனையைப் பற்றிப் பேசினார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சென்னியப்பன் தகட்டை இரண்டு விரல் ஏற்றினார். பிரபாகர் தரப்பு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. ஒரு விரல் இறக்கினார். நஸ்ரின் தரப்பு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. தகடு போய்த் தோல் வந்தது, தோல் போய்ப் பட்டு வந்தது. நான்கு மாதத்தில் பத்துக் கொற்றிகள். நகைக்கடையில்கூட அவரை யாரும் இப்படி அலைக்கழித்ததில்லை.

ஏழாவது கொற்றியின்போது குருவிடம் போனார்.

"டீச்சர், எவ்வளவு மூடினாச் சரியா இருக்குமுங்க?"

"எனக்குத் துணி தெரியாதுங்கண்ணா. வில்லை இழுக்கக் கையைத் தூக்கினா அந்தத் தோல் விளிம்பு அவ விலாவுல குத்தும். அதைப் பாருங்க."

இதுதானா பதில் என்று சென்னியப்பனுக்கு இருந்தது. விளிம்பைக் கொஞ்சம் சீவிவிட்டார். சீவின இடத்தில் இன்னும் கொஞ்சம் உடம்பு தெரிந்தது. அதற்குப் பதினொரு கருத்துகள் வந்தன.

பத்தாவது கொற்றிக்கும் சண்டை ஓயாத வாரம், புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம், அதற்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் கொற்றியே வேண்டாம், நான்கு வீரர்களோடு விளையாட்டு போகட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "உங்களுக்கு மனுஷங்க சரிப்படலைன்னா வாள், குடம், வீடுன்னு செய்யுங்க. அதுல நீங்க கெட்டிக்காரர்" என்று ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார். மறுபடியும் பொருளா? இதற்கா பதினாறு வருட வேலையை விட்டுவிட்டு வந்தோம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார்.

ஆனது ஆகட்டும் என்று அன்றைக்கே பதினோராவது கொற்றியைச் செய்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை தடித்த பழுப்புத் துணி. ஒரு நூல் இடைவெளி கிடையாது. வியாழன் காலை குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முடிச்சுட்டேனுங்க டீச்சர். இனி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபைலை மூடுங்கண்ணா."

மூடினார்.

"திறங்க."

திறந்தார். கடைசியாகச் சேமித்தபோது உருவத்தின் எந்த இடத்தை எவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தோமோ, அந்த இடத்தில்தான் ஃபைல் மறுபடியும் திறக்கும். திரை முழுக்கப் பழுப்புத் துணி. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளுக்கு மேலே முடிந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை.

"பத்தாவது."

திறந்தார். பட்டு. அதே இடம்.

"ஏழாவது."

தோல். அதே இடம்.

"முதல்ல செஞ்சது."

வெண்கலத் தகடு பளபளத்தது. ஒரு விரல்கூட விலகாமல் அதே இடம்.

சென்னியப்பனுக்குக் காது சூடாகியது. நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எல்லோரும் அதைத்தானே கேட்டார்கள், மூடு என்றவர்களும் அதைத்தானே கேட்டார்கள் என்று படபடவென்று சொன்னார். தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு வேறு ஒன்றைக் கேட்டார்.

"கொற்றி மூஞ்சியில ஒரு தழும்பு இருக்குதுங்களே, எந்தப் பக்கம்?"

"வலது கன்னத்துலங்க." யோசிக்காமல் சொன்னார். ஒன்பது வயதில் தம்பியைத் தூக்க வந்த சிறுத்தைக்கு முன்னால் போய் நின்றபோது கீறியது. கதையில் நஸ்ரின் எழுதியிருந்தார். அதை முதல் மாதமே சென்னியப்பன் தன் கையால் வைத்தார்.

"பாருங்க."

திரையை மேலே நகர்த்தினார். வலது கன்னத்தில் மூன்று கோடு. இடது கன்னத்திலும் மூன்று கோடு. அச்சு எடுத்ததுபோல ஒரே நீளம், ஒரே சாய்வு.

இந்தத் தொழிலில் முகத்தைப் பாதிதான் செய்வார்கள். ஒரு பக்கம் காது வைத்தால் மறுபக்கம் கணினியே அதே காதை வைத்துவிடும். அதை மிரர் என்பார்கள். வேலை பாதி மிச்சம். ஆனால் ஓரளவு முடிந்ததும் மிரரை அணைத்துவிட்டு, மனிதர் முகத்தில் இருக்கும் கோணல்களைக் கையால் சேர்க்க வேண்டும். உடம்புக்குச் சென்னியப்பன் முதல் வாரமே மிரரை அணைத்திருந்தார். முகத்துக்கு அணைக்கவே இல்லை. நான்கு மாதமாகக் கொற்றி பாதி முகத்தோடுதான் நின்றிருக்கிறாள்.

"இதை யாருமே சொல்லலைங்களே டீச்சர்."

"கருத்தெல்லாம் படிச்சுப் பாருங்க."

முதலிலிருந்து படித்தார். மொத்தம் நூற்று அறுபத்துமூன்று. விரல் கணக்கு, துணி கணக்கு, சங்கிலி வேண்டும், சங்கிலி வேண்டாம், பண்பாடு, சந்தை, மறுபடியும் விரல் கணக்கு. இரண்டாவது மாதத்தில் நஸ்ரின் எழுதிய ஒன்று மட்டும் நடுவில் கிடந்தது. முகம் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, உடை முடியட்டும் என்று பதில் இருந்தது. பதில் எழுதியது சென்னியப்பன்.

வெட்கமாக இருந்தது. கொற்றியிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. செய்த பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டால் பைத்தியம் என்பார்கள் என்று பேசாமல் இருந்தார்.

"நாளைக்குக் கூட்டமுங்க. இப்ப என்ன பண்றது?"

"இன்னிக்கு முழுசா இருக்குதுங்களே," என்று சொல்லிவிட்டுத் தமயந்தி தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சென்னியப்பன் மிரரை அணைத்தார். இடது கன்னத்துத் தழும்பை எடுத்தார். வலது பக்கம் சதை கிழிந்து கூடிய கன்னம் அல்லவா, உதட்டோரத்தைக் கொஞ்சம் மேலே இழுக்கும் என்று தோன்றியது. இழுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கண் ஒரு பொட்டு சின்னதானது. ஒன்பது வயதில் சிறுத்தையைப் பார்த்தவள் பிறகு எதை எப்படிப் பார்ப்பாள் என்று வெகுநேரம் யோசித்தார். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

உடைக்கு வந்தபோது கை நின்றது. எழுந்து நஸ்ரினின் மேசைக்கு நேராகப் போனார். நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை. எவ்வளவு மூட வேண்டும் என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிவிட்டு, இவள் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்ன செய்வாள் என்று கேட்டார்.

நஸ்ரின் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உட்காரச் சொல்லி அரைமணி நேரம் சொன்னார். மரம் ஏறுவாள். ஓடையில் இறங்கி நடப்பாள், அப்போதுதான் யாளியால் மோப்பம் பிடிக்க முடியாது. நாள் முழுக்க வில் இழுப்பாள். சென்னியப்பன் திரும்பிவந்து கணுக்கால் துணியை முழங்காலுக்கு ஏற்றி இறுக்கிக் கட்டினார். கைகளை வீசட்டும் என்று துணியைத் தோளோடு நிறுத்தினார். நாண் தெறிக்கும் இடது முன்கையில் தோல் பட்டை சுற்றினார். முதலாவதும் இல்லை, பதினோராவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். எலும்பு வைக்கப்போகிறவர் என்பதால் தமயந்தியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பிரபாகர் முதல் கொற்றியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

பெரிய திரையில் சென்னியப்பன் ஃபைலைத் திறந்தார். முகத்தில் திறந்தது.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நஸ்ரின் சிறுத்தைக் கதையைச் சொன்னார். நான்கு மாதத்தில் அந்தக் கதையை முதலாளி கேட்பது அதுதான் முதல் தடவை.

பிரபாகர்தான் கீழே இறக்கச் சொன்னார். சென்னியப்பன் இறக்கினார். பிரபாகர் முழங்காலைப் பார்த்தார், முன்கையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். இவளைப் போஸ்டரில் போட்டால் ஒரு பயலும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றார். அப்படியானால் போஸ்டரில் நாலு பேர் இருக்கட்டும், விளையாட்டில் ஐந்து பேர் இருக்கட்டும் என்று முதலாளி முடித்துவிட்டார். போஸ்டரில் இடமில்லை என்றது சென்னியப்பனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் கொற்றி இருக்கிறாள். எழும்போது முதலாளி அவரிடம், அடுத்து அவளுடைய தம்பியையும் நீங்களே செய்யுங்கள் என்றார்.

எல்லோரும் போன பிறகு சீடர் குருவிடம் வந்தார்.

"தப்பிச்சுட்டாளுங்க டீச்சர்."

"ம்."

தமயந்தி தன் கணினியில் கொற்றிக்கு முதுகுத்தண்டு வைக்க ஆரம்பித்திருந்தார். சென்னியப்பன் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். நான்கு மாதக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் தொண்டையை விட்டுப் போகுமா?

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. உடை இப்பவாவது சரியா இருக்குதுங்களா? எல்லாரும் சொல்லிட்டாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லலை."

தமயந்தி கையை நிறுத்திவிட்டு யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"உடையைக் கவனிக்கலைங்கண்ணா. அவ என்னையே பார்த்துட்டு இருந்தா."