சிலுப்பன் போட்ட எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

மலை ஏறும் தார் ரோட்டுக்குக் கீழே ஒரு காடு. காட்டு நடுவே ஒரு குளம். குளத்தின் கிழக்குக் கரையில் சிலுப்பன் என்று ஒரு முயல் இருந்தான். அவன் பெண்டாட்டி பேர் பஞ்சு. பேருக்கேற்ற மாதிரி மெத்தென்று இருப்பாள். பேச்சு மட்டும் ஊசி. போன வாரம்தான் நாலு குட்டி போட்டிருந்தாள்.

அந்தக் குளத்து முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு பந்தயம். கிழக்குக் கரைக்கு ஒரு முயல், மேற்குக் கரைக்கு ஒரு முயல். மருத மரத்தடியில் கிளம்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மருத மரத்துக்கே வந்து சேர வேண்டும். ஜெயித்த கரைக்கு அந்த வருஷம் முழுக்கக் குளத்தோர அருகம்புல். தோற்ற கரை நரிப்பாறையைத் தாண்டிப் போய்த்தான் மேய வேண்டும். நரிப்பாறையில் யார் குடியிருக்கிறார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

மூன்று வருஷமாக ஜெயித்தது சிலுப்பன்தான். அவன் வேகத்தைக் கணக்குப் பார்க்கிறவர் டொக்கு. மருத மரத்து மரங்கொத்தி. கொத்த ஆரம்பித்தால் ஒரே சீராகக் கொத்துவார். அவர் நாற்பதாவது கொத்தை வைக்கும்போது சிலுப்பன் ஒரு சுற்று முடித்துவிடுவான். 

இந்த வருஷப் பந்தயத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சிலுப்பன் ஓடிப் பழகிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றான்.

"நாற்பத்து நாலு!" என்றார் டொக்கு.

"என்னண்ணே சொல்றீங்க? சரியாப் பாருங்க!"

"நான் எங்க தம்பி பார்க்கிறேன்? கொத்துறேன். நாற்பத்து நாலுன்னா நாற்பத்து நாலுதான்."

மேற்குக் கரை நெட்டைக்காலன் நாற்பத்திரண்டில் வருகிறவன். வளையில் நாலு குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. பஞ்சு நரிப்பாறைப் பக்கம் மேயப் போவதை நினைத்தாலே சிலுப்பனுக்கு மீசை நடுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பறந்து வந்து இறங்கினான் கார்மேகம். அவன் ஒரு காக்காய். பேரிலேயே கார் வைத்திருக்கிறவன்! மலையடிவாரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அங்கே நிற்கும் வேப்பமரத்தில்தான் அவன் கூடு. மலை ரோட்டில் பந்தயக் கார் ஓட்ட வருகிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஷெட்டில்தான் வண்டியை நிறுத்துவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கார்மேகம் பாதி மெக்கானிக் ஆகிவிட்டான். தெரியாத மீதிப் பாதியில்தான் வினையே இருந்தது.

"மாப்ளே, உனக்குப் பிக்கப் இல்ல!" என்றான் கார்மேகம்.

"பிக்கப்னா?"

"இழுவைடா! காலை எடுத்ததும் சீறணும். கம்பெனி கொடுத்த உடம்போட ஓடினா இப்படித்தான் ஆகும்."

"எந்தக் கம்பெனி?"

"உங்க அம்மாதான், வேற யாரு! எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போடணும் மாப்ளே. ஷெட்டுக்கு வர்ற வண்டிங்கள்ல எது அதிகமாச் சத்தம் போடுதோ அதுதான் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. என் கண்ணால பார்த்தேன்!"

மறுநாள் காலையில் ஒரு காலி கூல்டிரிங்ஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. கொடியால் அதைச் சிலுப்பன் இடுப்புக்குப் பின்னால் கட்டினான். "இதுக்குப் பேரு சைலன்சர்!" என்றான். சத்தத்தை அடக்குகிற சாமானுக்குத்தான் அப்படிப் பேர் வைத்தார்களாம். அது அவனுக்குத் தெரியாத மீதிப் பாதியில் இருந்தது.

சிலுப்பன் ஓடினான். டப்பா தரையில் இடித்து, காற்றை வாங்கி, "டுர்ர்ர்ர்!" என்று அலறியது. குளத்துத் தவளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன.

"அடேங்கப்பா! என்ன வேகம்! கண்ணுக்கே தெரியலையே!" என்று கத்தின.

"நாற்பத்தாறு," என்றார் டொக்கு.

"நாற்பத்தாறா! நான் பறந்து வந்தேன்ணே! உங்களுக்கு எண்ணத் தெரியல!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! முப்பது வருஷமா மரத்தைக் கொத்துற மூக்கு தம்பி இது. பொய் சொல்லாது!" டொக்குவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

கார்மேகம் அசரவில்லை. "ஃபிட்டிங் பத்தல மாப்ளே. பின்னாடி ரெக்கை வைக்கணும். பெரிய வண்டிக்கெல்லாம் அதான் அழகு!" என்றான். அடுத்த நாள் உடைந்த பிளாஸ்டிக் மூடி ஒன்று சிலுப்பனின் வாலுக்கு மேல் ஏறியது. எதிர்க்காற்று அதில் மோதி அவனைப் பின்னால் இழுத்தது. கணக்கு நாற்பத்தொன்பது ஆனது.

அதற்கு மறுநாள் முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பட்டை ஒட்டினான். அப்போதும் அதே நாற்பத்தொன்பது.

"பார்த்தியா, கணக்கு கூடவே இல்ல! ஸ்டிக்கர் வேலை செய்யுது!" என்று குதித்தான் கார்மேகம்.

சிலுப்பனும் சேர்ந்து குதித்தான்! தவளைகள் கைதட்டின. டொக்கு தலையை மரத்தில் முட்டிக்கொண்டார். அது அவர் தொழில்தான், இருந்தாலும் அன்றைக்கு வேறு காரணத்துக்காக முட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வளை வாசலில் பஞ்சு கேட்டாள்: "ஏங்க, நாளைக்குப் பந்தயம். வேகம் கூடியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எப்படியா? பறக்கிற மாதிரி இருக்கே!"

"எங்க தெரியுது, கால்லயா?"

"எல்லாத்துலயும்தான்!"

"சரி. எனக்காக ஒரே ஒரு சுற்று ஓடுங்க. எல்லாச் சாமானும் அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் ஃபிட்டிங் பண்றேன்."

இலவ மரத்தடியில் வெடித்துக் கிடந்த காய்களிலிருந்து பஞ்சை உருவினாள். சிலுப்பனின் இரண்டு காதிலும் திணித்தாள். முயல் காதல்லவா! இரண்டு காய்ப் பஞ்சு உள்ளே போனது.

சிலுப்பன் ஓடினான். டப்பா வழக்கம்போல அலறியது. தவளைகள் வழக்கம்போலக் கத்தின. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மருத மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"பஞ்சு! நான் என்ன, நடந்தா வந்தேன்?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

பஞ்சு அவன் காதிலிருந்ததைப் பிடுங்கினாள். "டொக்கண்ணே, எவ்வளவு?"

"அதே நாற்பத்தொன்பது!"

"கேட்டீங்களா? நேத்தும் நாற்பத்தொன்பது, இன்னைக்கும் நாற்பத்தொன்பது. நேத்துப் பறந்தீங்க, இன்னைக்கு நடந்தீங்க. நீங்க பறந்ததெல்லாம் காதுக்குள்ளதாங்க!"

சிலுப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, நாலு நாளைப் பாழாக்கிட்டேனே! நம்ம குட்டிங்களை நானே நரிப்பாறைக்கு அனுப்பிடுவேன் போலிருக்கே!" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "இன்னொண்ணு பஞ்சு. வலது பின்னங்கால் சுருக்கு சுருக்குன்னு குத்துது. முதல் நாளே லேசா உறுத்துச்சு. அப்புறம் இந்த டப்பா சத்தத்துல மறந்தே போச்சு."

"காலைக் காட்டுங்க!"

விரல் இடுக்கில் ஒரு கருவேல முள் ஒடிந்து புதைந்திருந்தது. பஞ்சு பல்லால் கடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். "ஆத்தாடி!" என்று சிலுப்பன் இரண்டடி எகிறினான். அந்த எகிறலைப் பார்த்ததுமே பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி அவன் எகிறி ரொம்ப நாளாகியிருந்தது. டப்பா, ரெக்கை, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாகப் போட்டார்கள்.

பந்தய நாள் காலை. மருத மரத்தடியில் காடே கூடியிருந்தது. மேற்குக் கரையிலிருந்து காது கிழிகிற சத்தத்தோடு வந்து நின்றான் நெட்டைக்காலன். பின்னால் மூன்று டப்பா! மேலே இரண்டு ரெக்கை! மூக்கிலிருந்து வால் வரை சிவப்புப் பட்டை! நாலு நாளாக எதிர்க்கரைச் சத்தத்தைக் கேட்டு மிரண்டுபோய், அவனும் கார்மேகத்தைத் தேடிப் போயிருக்கிறான்.

"ஆசைப்பட்டுக் கேட்டான் மாப்ளே. தொழில்ல வேண்டியவன் வேண்டாதவன் பார்க்க முடியுமா?" என்று தலையைச் சொறிந்தான் கார்மேகம்.

சிலுப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "நெட்டை, அதையெல்லாம் கழற்றிடு. அது வேகம் இல்ல, வெறும் சத்தம். நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"பயமா இருக்கா? கழற்றினா நீ ஜெயிச்சிடலாம்னு பார்க்கிறே!" என்று சிரித்தான் நெட்டைக்காலன்.

டொக்கு முதல் கொத்தை வைத்தார். இருவரும் பாய்ந்தார்கள்.

"டுர்ர்ர்ர்!" நெட்டைக்காலனின் சத்தம் குளம் முழுக்க நிறைந்தது. "நெட்டைதான்! நெட்டைதான் முந்துறான்!" என்று தவளைகள் அலறின. தன் காலடிச் சத்தம் சிலுப்பனுக்கே கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறோமோ என்றுகூடத் தோன்றியது.

கரையிலிருந்து பஞ்சு கத்தினாள்: "காது சொல்றதைக் கேக்காதீங்க! கால் சொல்றதைக் கேளுங்க!"

சிலுப்பன் இரண்டு காதையும் முதுகோடு மடித்துக்கொண்டான். கால் குத்தவில்லை. தரை லேசாக இருந்தது. விட்டான் பாருங்கள் ஒரு ஓட்டம்! பாதிக் குளம் தாண்டியதும் அந்த "டுர்ர்ர்" பின்னால் எங்கோ தேய்ந்துபோனது. மருத மரம் ஓடி வந்து எதிரே நின்றது.

"முப்பத்தொன்பது!" என்று டொக்கு கூவினார். "முப்பத்தொன்பது! இதுவரை யாரும் வராத கணக்கு!"

பஞ்சு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். கிழக்குக் கரை முயல்கள் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டன. நெட்டைக்காலன் ஐம்பத்தெட்டில் வந்து சேர்ந்தான். ஒரு டப்பா வழியில் குளத்தில் விழுந்திருந்தது, அதற்குள் ஒரு தவளை குடியேறியும் விட்டது.

நெட்டைக்காலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் சிலுப்பா. எங்க குட்டிங்க..." என்று மேற்குக் கரையைத் திரும்பிப் பார்த்தான்.

"குட்டிங்க பெரிசாகிற வரைக்கும் எங்க ஓரத்துலயே மேயட்டும்ணே. புல்லு என்ன குறைஞ்சா போகும்?" என்றாள் பஞ்சு.

நெட்டைக்காலன் முகம் மலர்ந்தது. அன்றைக்கு இரண்டு கரை முயல்களும் சேர்ந்தே மேய்ந்தன.

கார்மேகம் திருந்தினானா என்று கேட்கிறீர்களா? மறுநாள் காலையில் இலவ மரத்தின் மேல் உட்கார்ந்து அவன் கூவியது காடு முழுக்கக் கேட்டது: "காதுப் பஞ்சு! காதுப் பஞ்சு! சிலுப்பன் போட்டு ஜெயிச்ச ஒரிஜினல் பஞ்சு! வச்சா சும்மா பிக்கப் பிச்சுக்கும்!"

சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது சொல்லும். அதை நம்பாமல் அளந்து பார்த்து, காலில் இருக்கிற முள்ளை முதலில் பிடுங்குகிறவனே ஜெயிப்பான்.