லிஃப்ட் நின்றதா, சிக்கியதா

மந்தைக்குளத்துக்காரர்களை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. எதையும் அரைகுறையாகச் செய்யாத ஊர் அது. அவர்களுடைய கல்யாண மண்டபத்துக்கு லிஃப்ட் வந்தபோது, உள்ளே என்ன அறிவிப்பு எழுதுவது என்று கமிட்டி ஒரு மாசம் முழுக்க உட்கார்ந்து பேசியது. வார்த்தை மாறிவிட்டால் உயிர் போகிற சமாச்சாரம் இல்லையா?

கடைசியில் ஒரு போர்டில் பெயிண்டால் எழுதினார்கள்: ‘லிஃப்ட் நின்றால் பொறுத்திருக்கவும். சிக்கினால் மணி அடிக்கவும். பழுதானால் இறங்கி வெளியேறவும்.’

முதல் கல்யாணமே பொருளாளர் தவசியாண்டியின் மகளுக்குத்தான். பெண் மேல்மாடியில் மணமேடையில் காத்திருந்தாள். மாப்பிள்ளையோடும் தாலித் தட்டோடும் தவசியாண்டி லிஃப்டில் ஏறினார். கூடவே தலைவர் நாச்சியப்பன், செயலாளர் அழகுமலை. கதவு மூடியது. லிஃப்ட் அசையவில்லை. யாரும் பட்டனை அமுக்கவில்லை. அமுக்கச் சொல்லி போர்டில் எழுதவும் இல்லை.

“நின்னுபோச்சு. பொறுத்திருப்போம்” என்றார் தலைவர்.

“நிக்கணும்னா முன்னாடி ஓடியிருக்கணுமே தலைவரே” என்றார் செயலாளர்.

“அப்போ சிக்கிருச்சுன்னு மணி அடிச்சிரலாமா?” என்றார் தவசியாண்டி. முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“எதுல சிக்கிருச்சு? காட்டுங்க, அடிக்கிறேன்” என்றார் செயலாளர்.

“பழுதுன்னு வச்சுக்கிட்டு இறங்கிருவோமே மாமா” என்றார் மாப்பிள்ளை.

“ஃபேன் ஓடுது, லைட் எரியுது. பழுதுன்னு எந்த வாயால சொல்றது மாப்பிள்ளே?” தவசியாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி அடித்தால் ஓடி வருவதற்கென்றே மண்டபத்தில் அந்தோணி என்று ஒரு ஆள் உண்டு. மணி அடிக்காமலே வந்து கதவைத் திறந்தார் மனுஷன். “வெளியே வாங்க சார், படியேறிப் போயிரலாம்.”

“பழுதானாத்தான் இறங்கலாம். கதவைச் சாத்துங்க” என்றார் தலைவர்.

அதற்குள் தவசியாண்டியின் மனைவி பூரணம் தலைதெறிக்க ஓடி வந்தாள். “அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?” என்று எல்லாரையும் வைதாள். அந்த அம்மாளும் அதே ஊர்தான். “நீங்க இறங்கக் கூடாதுன்னா நாங்க ஏறிட்டுப் போறோம். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

பெண் வந்தாள். ஐயர் வந்தார். நாயனமும் தவிலும் வந்தன. தாலி கட்டுவதைப் பார்க்கும் ஆசையில் அந்தோணியும் உள்ளே நுழைந்துகொண்டார். கதவு மூடியது. நெரிசலில் மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலியைக் கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து தவில்காரரின் முழங்கை பட்டனில் பட்டது. லிஃப்ட் முனகிக்கொண்டே பாதி தூரம் ஏறி, தரைக்கும் மாடிக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது.

பெண் பயந்துபோய் அழுதாள்.

“அழாதம்மா. இப்ப சந்தேகமே இல்ல, இதுதான் சிக்குறது” என்றார் அழகுமலை நிம்மதியாக.

தவசியாண்டி சந்தோஷமாக மணியை அடி அடியென்று அடித்தார்.

தவிலுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற அந்தோணி, “இதோ ஓடி வர்றேன் சார்” என்றார்.