கை கழன்ற புயல்வேந்தன்

சென்னையில் கார்ட்டூன் கம்பெனி நடத்திய தணிகாசலம், பொம்மை விற்பதற்கென்றே 'புயல்வேந்தன்' தொடரை எடுத்தார். முதலில் குழந்தைகள் டிவி முன்னால் தவமிருந்தார்கள். பொம்மை கடைக்கு வந்ததும் தொடரையே பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

"கதைதான் கோளாறு" என்று புதிய கதாசிரியை பூங்கோதைமேல் பாய்ந்தார் முதலாளி. "பொம்மையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. பிள்ளைகள் நம்புகிற மாதிரி நாளைக்கே ஒரு கதை கொண்டு வா. இல்லையென்றால் வீட்டுக்குப் போ!"

பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த ஓவியர் யாக்கோபு தூரிகையைக் கீழே வைத்தார். பூங்கோதை "சரி சார்" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் பொம்மை விற்கும் கடைக்காரர்கள் கூடிய மண்டபத்தில் அவள் வாசித்தாள்: "புயல்வேந்தன் வாளை ஓங்கினான். கை கழன்று விழுந்தது."

"வீரனுடைய கை கழலுமா? யார் நம்புவார்கள்?" என்று தணிகாசலம் கத்தினார்.

"பிள்ளைகள் நம்புவார்கள் சார். வீட்டில் தினமும் பார்க்கிறார்களே."

"பொய்!" என்று முதலாளி மேஜைமேல் இருந்த புயல்வேந்தன் பொம்மையை எடுத்து அதன் கையைத் தூக்கிக் காட்டினார். கை அவர் விரலோடு வந்துவிட்டது.

யாக்கோபு பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தார். பொம்மை என்ற சொல்லையே எடுக்காமல், முதலாளி கையாலேயே உடைக்க வைத்துவிட்டாளே இந்தப் பெண்!

தணிகாசலம் அந்தக் கையை மேஜைமேல் வைத்தார். "கதை அப்படியே இருக்கட்டும். பொம்மையை மாற்றுங்கள்" என்றார்.

தீபாவளிக்கு யாக்கோபு ஒரு கடையில் நின்றிருந்தார். ஒரு சிறுமி புதுப் புயல்வேந்தனைத் தரையில் ஓங்கி அடித்தாள், கையைத் திருகினாள், தலைகீழாகப் போட்டாள். வாள் பிடித்த கை கழலவே இல்லை. அவள் கண்கள் விரிந்தன.

"அம்மா, சீக்கிரம் வீட்டுக்கு வா! டிவியில இவன் வர்ற நேரமாச்சு!"