ஒற்றைக் கை அமிலம்

“அசெட்டிக் அமிலத்தை எதற்காகச் சேர்க்க வேண்டும்? அதனால் நூலுக்கு என்ன நன்மை?” என்று கேட்டார் பொற்செழியன்.

ஞானசௌந்தரி இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலக்கையால் அமிலத் துளிக்குழாயை அவரிடம் நீட்டினார்.

செழியன் வாங்கவில்லை.

இருவருக்கும் ஒரே வயது. கல்லூரியிலும் ஒரே வகுப்பு. அன்று செழியன் முதல் மாணவர்; ஞானசௌந்தரி இரண்டாமவர். இன்று இந்த நைலான் ஆய்வுக்கூடத்தில் ஞானசௌந்தரி ஆசிரியர், செழியன் மாணவர்.

வலை பின்னும் சூசையம்மாள் தம் கையால் இழுத்தும் அறாத நூலை எடுப்பவருக்கே அங்கு இடம். செழியனின் நூல் இருமுறை அறுந்துவிட்டது. மூன்றாவது வாய்ப்பே கடைசி.

“சங்கிலி குட்டையானதால் அறுந்தது,” என்றார் செழியன். “ஒருபடி மூலக்கூறுகள் இங்கே இரண்டு வகை. ஒன்றுக்கு இரு முனையிலும் அமிலக் கை. மற்றதற்கு இரு முனையிலும் அமீன் கை. கையும் கையும் பற்றும்போது நீர் விலகும். பற்றிக்கொண்டே போனால் பலபடிச் சங்கிலி.”

“பாடம் சரி.”

“அசெட்டிக் அமிலத்துக்கு ஒரே கை. அது பற்றிய முனையை வேறொன்று பற்ற முடியாது. சங்கிலி அத்தோடு முடிந்தது. முடித்துவைப்பவனை நானே வருந்தி அழைப்பதா?”

“அழைக்காமல் செய்து பாருங்கள்.”

செழியன் செய்தார். கலத்தைச் சூடேற்றினார். விலகிய நீரையெல்லாம் விடாமல் வெளியேற்றினார். முதலில் தேன்போல் ஓடிய பாகு மெல்ல மெல்லத் தடித்தது. அவர் புன்னகைத்தார். இன்னும் காய்ச்சினார்.

பிறகு, இழை எடுப்பதற்காகக் கண்ணாடிக் கோலை உள்ளே விட்டு இழுத்தார்.

கோல் அசையவில்லை.

வலிந்து இழுத்தார். கோல் முறிந்தது.

சூசையம்மாள் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, நூலு எங்க? களியல்லா கிண்டி வச்சிருக்கிய!”

“அம்மா, இதன் சங்கிலிக்கு நிகரான நீளம் வேறெங்கும் இல்லை.”

“இருக்கட்டும். அதுல ஒரு முடிச்சு போட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

செழியன் ஞானசௌந்தரியின் பக்கம் திரும்பினார்.

“என் வாய்ப்பு முடிந்துவிட்டதா, ஆசிரியரே?”

“சூசையம்மாள் இழுத்துப் பார்க்க நீங்கள் நூலே கொடுக்கவில்லையே. எப்படி முடியும்?”

செழியன் முறிந்த கோலைக் கீழே வைத்தார். பிறகு தாமாகவே துளிக்குழாயை எடுத்தார்.

“சங்கிலியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று இந்தத் துளிக்கு எப்படித் தெரியும்?”

“அதற்குத் தெரியாது. அளப்பவருக்குத் தெரிய வேண்டும்.”

மறுநாள் முழுவதும் அவர் அளந்தார். ஒரு துளி கூடியதாக ஐயம் எழுந்தபோதெல்லாம், கலவையைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கினார். ஞானசௌந்தரி தொலைவில் நின்றார்.

மூன்றாம் நாள் பாகிலிருந்து இழை எழுந்தது. வந்துகொண்டே இருந்தது.

சூசையம்மாள் நூலை இரு உள்ளங்கைகளிலும் சுற்றினார். சுண்டி இழுத்தார். அறவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். அறவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தார்.

பிறகு கைகளை விரித்துக் காட்டினார். உள்ளங்கைகளில் சிவந்த கோடு.

“எம்மாடி! என் கைதான் அறும் போல. யாரு எடுத்த நூலு டீச்சர் இது?”

ஞானசௌந்தரி நிமிர்ந்தார். அவர் குரலில் அத்தகைய பெருமிதத்தை அக்கூடம் அதற்கு முன் கேட்டதில்லை.

“என் மாணவர் எடுத்தது.”

செழியன் வாய் திறந்தார். சங்கிலியைப் பற்றியும், அளவைப் பற்றியும், கொட்டிய கலவைகளைப் பற்றியும் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

அன்று ஞானசௌந்தரி செய்ததுபோல் அவர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்; பேச்சு அத்தோடு முடிந்தது.