சோற்று வாசம்

கல்யாண வீட்டுச் சமையலில் பேர் வாங்கியவர் ஆவுடையப்பன். பந்தியும் பாத்திரமும் போதுமடா சாமி என்று உதறிவிட்டு, மலையடிவாரத்து மடத்தில் உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. இவர் "அம்மா" என்பார், அந்தம்மா இவரை "அண்ணாச்சி" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

விரத நாள் ஒன்றில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து நின்றார் ஆவுடையப்பன்.

"அம்மா, உச்சிக் குகைக்கு வா வான்னு மனசுக்குள்ளேருந்து ஒரு குரல் கூப்பிடுது. தனியாப் போயி இருக்கலாமா?"

அங்கே போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அது அவருக்கும் தெரியும்.

"யார் குரல்?"

"சாமி குரல்தான். வேற யாரு?"

"சரி, கொஞ்ச தூரம் கூட வாரேன்."

காட்டுக்குள் ஒரு வளைவில் ஆவுடையப்பன் சட்டென்று நின்றார்.

"சோறு வடிக்காங்க. யாரோ சாஸ்தாவுக்குப் பொங்கிப் படைக்காங்க போல. சீரகச் சம்பா."

"நிச்சயமாவா?"

"என்னம்மா, காலமெல்லாம் உலைக்கு முன்னால நின்ன மூக்கு. தப்புமா?"

விரதம் எங்கே போயிற்றோ, மனிதர் புதரை விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அடுப்பு இல்லை, புகை இல்லை, ஆள் அரவமே இல்லை. வாசம் ஒரு பெரிய மரத்தின் அடியிலிருந்து வந்தது. குனிந்து முகர்ந்தார். பட்டையின் ஈரம் மூக்கில் ஒட்டியது. நிமிர்ந்தால், தலைக்கு மேலே நீளநீளமாக நகக் கீறல்கள். மரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது.

உலகம்மை அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"புலி மூத்திரம் அண்ணாச்சி. அது வாசச் சோறு மாதிரித்தான் மணக்கும். இப்பத்தான் பீச்சிட்டுப் போயிருக்கு. சத்தம் போடாம வாங்க."

வெட்டவெளிப் பாறைக்கு வந்து சேரும்வரை அவள் பிடியை விடவில்லை. அங்கே உட்கார்ந்து மூக்கைத் துண்டால் தேய்தேயென்று தேய்த்தார். புலி என்று தெரிந்த பிறகும் அது சோறாகத்தான் மணந்தது. அதுதான் அவரை இன்னும் நடுங்க வைத்தது.

"புலி இப்படியா ஆளை ஏமாத்தும்?"

"அது எங்க ஏமாத்துச்சு? 'இது என் இடம், வராதே'ன்னு மரத்துக்கு மரம் சொல்லிட்டுல்லா போகுது. உங்களுக்குத்தான் 'வா, இலை போட்டாச்சு'ன்னு கேட்டிருக்கு."